டாக்டர் ஹோமி பாபா

திருத்தணிக்கும் சோளிங்கபுரத்துக்கும் அணித்தேயுள்ள ஆர்.கே.பேட்டை என்னும் ஊரை நம் கலாசாலை நேயர்களுட் சிலரேனும் அறிந்திருப்பர். இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பது அதன் முழுப்பெயர். சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று சென்னை இராஜ்யத்தை வந்தடைந்த நிலப்பகுதியில் அஃது உள்ளது. அவ்வூரிலும், அதனைச் சூழ்ந்த அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை முதலிய ஊர்களிலும் தெருவிற்குத் தெரு தறியோசை கேட்கலாம். முற்காலத்தில் அவை கைத்தறிகளாயிருந்தன. இக்காலத்தில் விசைத்தறிகள் பெருகிவிட்டன. கைத்தறிக்கு வேண்டியவை நெய்வோனுடைய கையும் காலுமே. விசைத்தறிக்கோ மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். கூலி நின்ற வீட்டில் அடுப்பின் கதி யாதென்று யாம் சொல்ல வேண்டுவதில்லை. 2008-ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வருத்திய மின்வெட்டுக் காலத்தில், நெசவூர்கள் இவ்வுண்மையைத் தம் வயிற்றாலேயே கற்றுக்கொண்டன.

அம்மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பள்ளிப்பட்டின் வழியாகப் பாயும் கொசத்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து, எண்ணூரிற் கடலொடு கலக்கின்றது. அவ்யாற்றின் முகத்துவாரத்தருகே, இதே திருவள்ளூர் ஜில்லாவில், அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கும் பெரு நிலையங்கள் நிற்கின்றன. அவை உமிழும் சாம்பற் குழம்பு எண்ணூர்க் கழியைத் தூர்த்து, ஆங்கு மீன்பிடித்து வாழ்வோரை வருத்தி வருதலைப் பலரும் அறிவர். ஆற்றின் மேற்புறத்தார் தறி ஓட்டுகின்றனர். அதன் கீழ்ப்புறத்தார் சாம்பலைச் சுமக்கின்றனர். நிலக்கரியை விட்டொழிக்க வேண்டுமென்பதில் அறிஞருக்குள் இப்போது பெரும்பாலும் கருத்து வேற்றுமை இல்லை. அதனை விட்டு எதனைப் பற்றுவது என்பதிலேதான் வழக்கு. அணுவைப் பிளந்து பெறும் ஆற்றலையா? அன்றி, ஞாயிறும் காற்றும் நாள்தோறும் வழங்கும் ஆற்றலையா?

இவ்வினாவைப் புதிதென்று நினைப்பவர் உளர். புதிதன்று. ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்கு முன்னரே இது நம் நாட்டில் எழுந்தது. ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் பணி புரிந்த இரு பேரறிஞர் எதிரெதிர் நின்று அதற்கு விடை கூறினர். அவருள் ஒருவருடைய விடையே தேசத்தின் விடையாயிற்று. அவரே டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. அவருடைய சரிதத்தை ஈண்டுச் சுருங்க எழுதத் துணிந்தோம்.

ஹோமி பாபா 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி பம்பாய் நகரிற் செல்வம் மிக்க பார்ஸிக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் ஜஹாங்கீர் ஹோர்மஸ்ஜி பாபா இங்கிலாந்திற் பயின்ற சட்ட நிபுணர். பாட்டனார் மைசூர் சமஸ்தானத்திற் கல்வி இலாகாவின் தலைமை அதிகாரியாயிருந்தவர். அத்தையார் மெஹர்பாய், ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் மூத்த புதல்வராகிய ஸர் தோராப்ஜி டாட்டாவின் மனைவியார். வீட்டில் நல்ல நூல் நிலையமும், மேனாட்டு இசைத் தட்டுக்களின் பெருந்தொகுதியும் இருந்தன. இவ்விரண்டையும் அச்சிறுவர் வீணாக்கவில்லை. கதீட்ரல் பள்ளியிலும், எல்பின்ஸ்டன் கலாசாலையிலும், பம்பாய் ராயல் விஞ்ஞான நிலையத்திலும் கற்று, 1927-ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் சென்றார்.

ஆங்கு நிகழ்ந்ததொன்றை நம் மாணவர்கள் கவனித்தல் நலம். ஹோமி பொறியியல் கற்று மீண்டு, ஜாம்ஷெட்பூரிலுள்ள டாட்டா இரும்பாலையில் அமர வேண்டுமென்பது தந்தையாரின் விருப்பம். மைந்தரின் உள்ளமோ பௌதிகத்தில் ஈடுபட்டுவிட்டது. அக்காலத்துக் கேம்பிரிட்ஜில் டிராக் முதலியோர் அணுவின் உள்ளமைப்பைப் புதிய கணிதத்தால் ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவ்விடத்திருந்துகொண்டு இரும்பை நினைத்தல் எளிதோ? ஹோமி தம் கருத்தைத் தந்தையாருக்குக் கடித வாயிலாகத் தெளிவாக அறிவித்தார். தந்தையாரும் வெகுளவில்லை, பொறியியற் பரீட்சையில் முதல் வகுப்பிற் றேறினால், மேலும் இரண்டாண்டு கணிதம் கற்பதற்குப் பொருள் உதவுவதாக உடன்பட்டார். மைந்தர் 1930-இல் முதல் வகுப்பிற் றேறினார். 1932-இற் கணிதத்திலும் அவ்வாறே. வீட்டார் சொல்லும் துறை ஒன்று, தாம் விரும்பும் துறை வேறொன்று என்று கலங்கும் மாணவர் நம் விடுதியிலும் உளர். முன்னதனைப் பழுதறக் கற்று முடித்தபின் பின்னதனைக் கேட்ட இவருடைய முறை அவருக்குப் பயன்படலாம்.

1935-இல் டாக்டர் பட்டம் பெற்றார். எலெக்ட்ரான் என்னும் எதிர்மின் துகளும் பாஸிட்ரான் என்னும் நேர்மின் துகளும் ஒன்றையொன்று தாக்கிச் சிதறும் முறையை அவர் கணக்கிட்டுரைத்தார். அச்சிதறல் இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அதனினும் சிறந்தது 1937-இல் ஹைட்லர் என்னும் ஜெர்மானிய அறிஞருடன் கூடி வெளியிட்ட அண்டக்கதிர்ப் பொழிவுக் கொள்கை. வான வெளியினின்று விரைந்து வரும் எலெக்ட்ரான் ஒன்று காற்று மண்டலத்திற் புகுந்து ஒளித்துகளொன்றை ஈனும். அவ்வொளித்துகள் ஓர் எலெக்ட்ரானும் ஒரு பாஸிட்ரானுமாகப் பிரியும். அவை ஒவ்வொன்றும் மீண்டும் ஒளித்துகளை ஈனும். இவ்வாறு ஒன்று பலவாய்ப் பெருகிக் கடைசியில் ஒரு மழையாக நிலத்தை அடையும். ஒரு குடும்பம் சில தலைமுறைகளில் ஓர் ஊராதலோடு இதனை ஒப்பிடலாம். இக்காலத்தில் அவர் கோபன்ஹேகன், ரோம், ஸூரிச் முதலிய நகரங்களுக்குச் சென்று போர், பெர்மி, பௌலி ஆகியோரிடம் பழகினார். ஓவியமும் இசையும் அவரை விடவில்லை. மாணவர் நிகழ்த்திய இசை நாடகத்துக்கு அரங்கக் காட்சிகள் வரைந்து கொடுத்ததும் உண்டு. அவர் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

1939-ஆம் ஆண்டில் விடுமுறைக்காக இந்தியா வந்தார். வந்த இடத்தில் ஐரோப்பாவிற் போர் மூண்டது. திரும்பிச் செல்ல இயலவில்லை. ஸர் சி. வி. இராமன் பௌதிகப் பகுதியை நடத்திவந்த பெங்களூர் விஞ்ஞான நிலையத்தில் உபாசிரியராக அமர்ந்து, அண்டக்கதிர் ஆராய்ச்சிக்கென ஒரு பகுதியை அமைத்தார். 1941-இல், தமது 31-ஆம் வயதில், லண்டன் ராயல் சங்கத்தின் அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். போர் நிகழாதிருப்பின் அவர் கேம்பிரிட்ஜிலேயே தங்கி, நோபல் பரிசை நாடும் ஆராய்ச்சியாளராக வாழ்ந்திருத்தல் கூடும். ஆயினும் பெங்களூர் வாசம் அவர் மனத்தை மாற்றிற்று. இந்நாட்டின் சிற்பங்களையும் பழம்பெருங் கட்டடங்களையும் சுற்றிப் பார்த்தார். தாம் செய்ய வேண்டிய தொழில் இங்கேதான் உள்ளதென்று உறுதி கொண்டார்.

அவ்வுறுதியின் முதற் பயன் 1944-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி அவர் தோராப்ஜி டாட்டா அறநிலையத்தாருக்கு எழுதிய கடிதம். அடிப்படை விஞ்ஞானத்துக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் வேண்டுமென்று அதிற் கேட்டார். இன்னும் இருபது ஆண்டளவில் அணுவினின்று மின்சாரம் ஆக்கும் காலம் வரும் என்றும், அப்போது இந்தியா நிபுணருக்காக வெளிநாட்டாரை நோக்கி நிற்றல் கூடாதென்றும் அவர் கருத்துரைத்திருந்தார். தேதியை நோக்குக. ஹிரோஷிமா நகரின்மேல் அணுகுண்டு விழுவதற்கு ஏறத்தாழ 17 மாதங்களுக்கு முன்னர் எழுதப்பெற்ற கடிதம் அது. அணுவின் ஆற்றலைப் பற்றி உலகத்து மக்களிற் பெரும்பாலோர் கேள்விப்பட்டேயிராத காலம். 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பெங்களூரில் தோன்றி, அவ்வாண்டின் இறுதியிற் பம்பாய்க்கு மாறியது. பின்னர்க் கொலாபாவிற் கடற்கரையில் அதற்கென எழுந்த கட்டடத்துக்கு ஜவஹர்லால் நேரு 1954-இல் அடிக்கல் நாட்டினார். அதன் சுவர்களுக்கு நம் நாட்டு ஓவியர்களின் படங்களைப் பாபா தாமே தேர்ந்து வாங்கினார். கட்டடத்துக்கு இடையூறான மரங்களை வெட்ட விடாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டு வளர்க்கச் செய்தார். மரத்தை நேசித்த அதிகாரி என்ற ஒன்றே யாம் அவரை மதித்தற்குப் போதிய காரணமாம்.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே அணுசக்திச் சட்டம் நிறைவேறியது. 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி அணுசக்திக் கமிஷன் அமைந்தது. தலைவர் பாபா, அங்கத்தினர் சாந்தி ஸ்வரூப் பட்னாகரும், கே. எஸ். கிருஷ்ணனும். இக்கிருஷ்ணனைப் பற்றி இவ்விடத்தில் சிறிது நின்று பேசுதல் மிஷன் கலாசாலைப் பத்திரிகைக்குத் தகும். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பிற் பிறந்து, மதுரை அமெரிக்கன் கலாசாலையிலும் சென்னைக் கிறிஸ்துவக் கலாசாலையிலும் கற்றவர். 1928-இல் இராமனுடன் ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் உழைத்தவர். தமிழிலும் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியவர். அணுசக்திக் கமிஷனில் அமர்ந்த அவரே டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் முதல் தலைவர். அச்சாலையிலேதான் 1950-ஐ அடுத்த ஆண்டுகளிற் கதிரவன் வெப்பத்தால் சமைக்கும் அடுப்பொன்று ஆக்கப்பெற்றது. குழிந்த கண்ணாடி போன்ற தகடொன்று வெயிலைக் குவித்துப் பாத்திரத்தின்மேற் பாய்ச்சும். உலகப் பத்திரிகைகள் அதனைப் புகழ்ந்தன, கடைக்கும் வந்தது, ஆயின் விலை போகவில்லை. எங்ஙனம் போகும்? சமைப்பவர் நடுப்பகலில் முற்றத்தில் நின்று, ஞாயிறு நகருந்தோறும் தகட்டைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். மாலையிற் சோறாக்குவார்க்கு அது பயன்படாது. அடுப்பை ஆக்கியோர் அடுக்களையைக் கேட்டு ஆக்கவில்லை என்றே தோன்றுகிறது. அணுவும் ஞாயிறும் ஒருங்கே ஒருவர் மேசைமீது இருந்த அந்நாளில், ஞாயிறு பெற்றது ஓர் அடுப்பு. அணு பெற்றது ஓர் இராஜாங்க இலாகா.

அவ்விலாகா 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் தேதி தோன்றிற்று. பாபாவே அதன் காரியதரிசி. தலைமையிடம் டில்லியன்று, பம்பாய். பிரதம மந்திரியாகிய நேரு ஒருவருக்கே அவர் விடை கூறக் கடமைப்பட்டவர். நேருவோ அவருடைய உற்ற நண்பர். கேட்ட பொருள் கிடைத்தது. காரியம் விரைந்து நடந்தது. டிராம்பேயில் எழுந்த ஆராய்ச்சி நிலையத்தில் அப்ஸரா என்னும் அணு உலை, 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் தேதி உயிர் பெற்றது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. உலையைக் கட்டியவர் நம் நாட்டார். ருஷ்யாவை நீக்கி நோக்கின், ஆசியாக் கண்டத்தில் அதுவே முதலாவது. நீர்த்தொட்டியின் அடியிலிருந்து எழும் நீலவொளியைக் கண்டு நேரு அதற்கு அப்பெயரைச் சூட்டினார். 1960-இற் கனடா நாட்டின் உதவியால் மற்றோர் உலையும் எழுந்தது. 1955-இல் ஜினீவா நகரிற் கூடிய முதல் அனைத்துலக அணுசக்தி மகாநாட்டுக்குத் தலைமை வகிக்கும் பேறும் பாபாவுக்கு வாய்த்தது.

அவர் கண்ட திட்டம் மூன்று படிகளை உடையது. அதனை விதைநெல்லின் உவமையால் விளக்குதும். பூமியில் அகழ்ந்தெடுக்கும் யுரேனியத்தில் ஆயிரத்துக்கு ஏழு பங்கே எளிதிற் பிளவுபட்டு வெப்பம் தருவது. எஞ்சியது பதர் போன்றது. முதற்படியில் அவ்வேழு பங்கு எரியும்போதே பதரின் ஒரு பகுதி புளுடோனியம் என்னும் நெல்லாக மாறும். அந்நெல்லை விதையாகக் கொண்டு, உண்பதினும் மிகுதியாக விளைவிக்கும் ஈனுலைகளைக் கட்டுதல் இரண்டாம் படி. இங்ஙனம் பெருகிய விதையைக் கொண்டு தோரியத்தை எரிபொருளாக்குதல் மூன்றாம் படி. யுரேனியம் நம் நாட்டில் அரிது. தோரியமோ கேரளக் கரையிலும், நம் கன்னியாகுமரி ஜில்லாவில் மணவாளக்குறிச்சி மணலிலும் மிகுதியாகக் கலந்து கிடக்கின்றது. தன் மணலிலிருந்தே தன் விளக்கை ஏற்றிக்கொள்ளும் தேசம் என்பதே அவருடைய கனவு. மக்கள் உடல் வலியால் உழைத்த காலம் ஒன்று. விறகும் கரியும் எரித்த காலம் ஒன்று. இனி வருவது அணுவின் காலம் என அவர் மனித சரித்திரத்தை மூன்றாகப் பகுத்தார். நிலக்கரி வங்காளத்தையும் பீஹாரையும் சார்ந்து கிடக்க, பம்பாயும் சென்னையும் அதனை நூற்றுக்கணக்கான மைல் இரயிலில் இழுத்துவர வேண்டியிருந்தது. அவ்வூர்களுக்கு அணுவே மலிவு என்று கணக்கிட்டுக் காட்டினார்.

இதனை மறுத்துரைத்தவர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி. கோவாவில் 1907-இற் பிறந்தவர், பௌத்த நூல்களில் வல்ல தர்மானந்த கோசாம்பியின் மைந்தர், கணித மேதை, பழைய நாணயங்களையும் கற்கருவிகளையும் ஆராய்ந்து இந்திய சரித்திரத்தைப் புது முறையில் எழுதியவர். பாபாவின் அழைப்பின்பேரிலேயே டாட்டா நிலையத்திற் கணிதப் பேராசிரியராகச் சேர்ந்து, பூனாவிலிருந்து நாள்தோறும் புகைவண்டியேறி வந்து சென்றார். 1957 முதல் அவர் அணுவுக்கு எதிராகவும் ஞாயிற்றுக்குச் சார்பாகவும் எழுதவும் பேசவும் தொடங்கினார். அவர் வாதம் உணர்ச்சி வயப்பட்டதன்று. இந்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் காய்கின்றது. அது கிராமத்து வீட்டின் கூரைமீதே விழுகின்றது. அதனைக் கொணரக் கம்பியும் கோபுரமும் வேண்டா. வெயிலாற் சமைத்தால் எருவாக வேண்டிய சாணம் அடுப்பிற் போகாது. காடு கோடரிக்கு இரையாகாது. அணுவின் மெய்யான செலவு கணக்குப் புத்தகத்தில் வெளிப்படுவதில்லை. அதன் கழிவோ தலைமுறை தலைமுறையாக நஞ்சு. அணுவை விரும்புவோர் மின்சாரத்தைக் காட்டிலும் பெருமையையே விரும்புகின்றனர். இவை அவர் கருத்தின் சாரம். 1962-இல் அந்நிலையம் அவருடைய உத்தியோக ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேறு காரணங்களும் கூறப்படுவதுண்டு. எனினும் அவருடைய எதிர்ப்பு மேலிடத்தாருக்கு இனிதாயிருந்திராது என்று ஊகித்தல் தவறாகாது.

இருவருள் யார் கூறியது சரி? யாம் பன்முறை இதனை ஆராய்ந்தோம். 1957-ஆம் ஆண்டின் நிலையை வைத்துப் பார்த்தால் பாபாவைப் பழித்தற்கில்லை. வெயிலை நேரே மின்சாரமாக்கும் சிலிக்கன் தகடு அமெரிக்காவில் 1954-இலேதான் பிறந்தது. அதன் விலை விண்கலத்துக்கன்றி வீட்டுக்கு ஏலாது. ஞாயிற்றை நம்பி அன்று ஒரு தறியையும் ஓட்டியிருக்க முடியாது. ஆயினும் ஒரு குழந்தை நடக்கவில்லை என்பதற்காக அதனை ஊட்டாமல் விடுவாருண்டோ? அணுவாராய்ச்சிக்கு ஈந்த பொருளிற் சிறு கூறேனும் ஞாயிற்றாராய்ச்சிக்கு அக்காலத்தே ஈந்திருப்பின், தகடு செய்யும் கலையிற் பிற நாட்டாரை நாம் இன்று நோக்கி நிற்க நேர்ந்திராது. வெளிநாட்டு நிபுணரை எதிர்பார்த்தல் கூடாதென்று 1944-இற் கடிதம் எழுதியவரின் நெறியை ஞாயிற்றின் திறத்தில் நாடு மறந்தது.

மற்றொரு குறையும் சொல்லவேண்டும். பாபாவின் கணிப்புக்கள் பெரும்பாலும் பொய்த்தன. 1980-இல் அணு மின்சாரம் 8000 மெகாவாட் இருக்கும் என்றார். அவ்வாண்டு அஃது ஆயிரத்தையும் எட்டவில்லை. அணுக்களை இணைத்து ஆற்றல் பெறும் வித்தை இருபதாண்டுகளிற் கைகூடும் என்று ஜினீவாவிற் கூறினார். எழுபதாண்டு கழிந்தும் அது மின்கம்பியை எட்டவில்லை. அறிஞர் தவறுதல் இயல்பே. ஆயின் தவறைச் சுட்டுவோர் அருகில் இருந்தால் அது விரைவில் திருந்தும். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அணு விஷயங்களை இரகசியத் திரையால் மூடிவிட்டது. இத்துணை இரகசியம் வேண்டுமோ என்று அந்நாளைய சட்டசபையிலேயே கேள்வி எழுந்தும் பயனில்லை. திரைக்குள் மின்சாரத்தோடு வேறொன்றும் வளர்ந்தது. சீன தேசம் 1964 அக்டோபரில் அணுகுண்டு வெடித்ததும், அதே மாதம் பாபா வானொலியில் குண்டின் செலவு பற்றிப் பேசினார். கனடாவின் உதவியால் அமைதிக்கென்று கட்டிய உலையிற் பிறந்த புளுடோனியமே 1974 மே 18-ஆம் தேதி பொக்ரானில் வெடித்தது. அதன்பின் கனடா தன் உதவியை நிறுத்திக்கொண்டது.

நிற்க. அவர் வித்திட்டவற்றுள் நமக்கு மிக அணித்தாயுள்ளது கல்பாக்கம். அங்குள்ள மின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலையில் உயிர் பெற்றது, இரண்டாவது 1985-இல். வெளிநாட்டுப் பொறியாளர் துணையின்றி நம்மவரே கட்டியவை. ஒவ்வொன்றும் 220 மெகாவாட் அளவினது. அங்கேயே சிறிய ஈனுலையொன்று 1985 முதலும், தோரியத்தின் வழிப் பிறந்த யுரேனியத்தை எரிக்கும் காமினி என்னும் சிற்றுலை 1996 முதலும் இயங்கத் தொடங்கின. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கியபோது, இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பெற்றது. புதிய பெரிய ஈனுலைக்கு அகழ்ந்திருந்த பள்ளத்தில் மட்டும் கடல் புகுந்தது. 500 மெகாவாட் அளவினதாகிய அவ்வீனுலையின் உட்கருவை நிரப்பும் பணி 2024 மார்ச்சிலேதான் தொடங்கியது. பாபா தம் திட்டத்தை வெளியிட்ட 1954-க்கும் இதற்கும் இடையில் எழுபது ஆண்டு. இரண்டாம் படியில் கால் வைப்பதற்கே ஒரு மனித ஆயுள் கழிந்தது. கூடங்குளத்திலோ 2011-இலும் அதன் மறு ஆண்டிலும் இடிந்தகரை லூர்து மாதா கோயிலின் முன் பந்தலிட்டு மீனவர் உண்ணாநோன்பிருந்ததை நேயர்கள் மறந்திரார். அவர் கேட்டவற்றுட் பல, கோசாம்பி முன்னரே கேட்டவை.

ஞாயிறு நெடுநாட் காத்திருந்து இப்போது விரைகின்றது. 2025 ஜனவரியில் நம் நாட்டின் கதிரவன் மின்சார நிலையங்களின் கொள்ளளவு 1,00,000 மெகாவாட்டைக் கடந்தது. அணு நிலையங்களின் கொள்ளளவு அப்போது எண்ணாயிரத்தை ஒட்டியதே. இராமநாதபுரம் ஜில்லாவிற் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016-இல் எழுந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயிற் காற்றாலைகள் காடு போல் நிற்கின்றன. ஆயினும் இவ்வெண்களைக் கண்டு மயங்குதல் கூடாது. கொள்ளளவு வேறு, விளைவு வேறு. அணு உலை இரவும் பகலும் ஓடும். வெயில் மாலையில் மறையும். காற்று வைகாசி முதல் ஐப்பசி வரை வீசிப் பின் ஓயும். ஆர்.கே.பேட்டையில் இரவில் ஓடும் தறிக்குப் பகல் வெயிலை யார் எடுத்து வைப்பார்? ஒரு விடை கோயம்புத்தூர் ஜில்லாவிற் கடம்பாறையில் உள்ளது. மின்சாரம் மிகும்போது நீரை மேலேற்றி, குறையும்போது கீழ்விழச் செய்து 400 மெகாவாட் வரை மீட்டுத் தரும் நிலையம் அது. அத்தகையன இன்னும் பல வேண்டும். மின்கலங்களும் வேண்டும். எமக்கோ, நாடு இனி ஈட்டும் பொருளின் பெரும்பங்கைக் கதிரவனுக்கும் காற்றுக்கும் அவற்றைச் சேமித்து வைக்கும் சாதனங்களுக்கும் ஈதலே தக்கதென்று தோன்றுகிறது. கட்டி முடிந்த அணு உலைகளை நிலக்கரி ஒழியுமட்டும் வைத்துக்கொள்ளலாம். புதியன கட்ட வேண்டுமெனின், அவற்றின் செலவையும் கழிவையும் கரையோர மக்களின் முன் திறந்த கணக்காக வைத்த பின்னரே கட்டல் வேண்டும். இதனை மறுக்கும் பௌதிக ஆசிரியர் நம் கலாசாலையில் உளர் என்பதும் யாம் அறிவோம். அடுத்த ஆண்டு மலரில் அவர் எழுதுவாராக.

பாபாவின் இறுதிக்கு வருவோம். 1966 ஜனவரி 11-ஆம் தேதி பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தார். பதின்மூன்று நாள் கழித்து, ஜனவரி 24-ஆம் தேதி, இந்திரா காந்தி அம்மையார் அப்பதவியை ஏற்ற அதே நாளில், அனைத்துலக அணுசக்தி நிறுவனத்தின் கூட்டத்துக்காகப் புறப்பட்ட பாபா ஏறியிருந்த காஞ்சன்ஜங்கா என்னும் ஏர் இந்தியா விமானம் ஜினீவாவை நெருங்குகையில் ஆல்ப்ஸ் மலைத் தொடரின் மோன் பிளாங்க் சிகரத்தில் மோதிற்று. அதிலிருந்த 117 பேரும் மாண்டனர். அவருக்கு வயது 56. நாசவேலை என்று அன்று முதல் இன்றுவரை கதைகள் வழங்குகின்றன. விமானி தம் இடத்தைத் தவறாக மதித்தார் என்பதே விசாரணையிற் கண்டது. டிராம்பே நிலையத்துக்கு 1967-இல் அவர் பெயர் சூட்டப்பெற்றது. அவர் மறைந்த அவ்வாண்டே ஜூன் 29-ஆம் தேதி கோசாம்பியும் பூனாவில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வழக்காடிய இருவரும் ஐந்து மாத இடைவெளியிற் சென்றனர்.

அவ்விமானத்தின் சிதைவுகளை மோன் பிளாங்கின் பனியாறு விழுங்கிக்கொண்டது. பூமியின் வெப்பம் மிகுதலால் அப்பனி இப்போது ஆண்டுதோறும் உருகிச் சுருங்கி வருகின்றது. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டில், இந்திய வெளிநாட்டு இலாகாவின் தபாற்பை ஒன்று அங்கு வெளிப்பட்டது. 2020-ஆம் ஆண்டில், இந்திரா காந்தியாரின் தேர்வை அறிவித்த 1966 ஜனவரி மாதத்து இந்தியச் செய்தித் தாள்கள் சில, எழுத்துக் கலையாமல், மலையடிவாரத்து உணவு விடுதிக்காரர் ஒருவர் கையில் அகப்பட்டன. அவர் அவற்றை உலர்த்திப் பாதுகாத்து வைத்தார்.